படியாமல் தீர்ப்புரைப்போர்

கடந்த ஓராண்டில் நாம் படித்த நூல்கள் சிலவற்றைப் பற்றி நம் கருத்தை எழுதலாம் என்று எண்ணியே எழுதுகோலை எடுத்தோம். நூல்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்நூல்களை நாம் கையில் வைத்திருக்கக் கண்டவர்கள் கூறிய சொற்கள், நூல்களிலுள்ள எந்த வரியையும்விட மிகுதியாக நம் உள்ளத்தை உறுத்தின. ஆதலின் இக்கட்டுரை பாதி நூல்களைப் பற்றியும், பாதி அவற்றைப் படியாதவர்களைப் பற்றியும் அமைந்துவிட்டது. அவ்வாறு அமைந்ததற்கு நாம் வருந்தவில்லை.

"பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓர் ஆலிம் நாவல் படிக்கலாமா, ஹஜரத்?" என்பது முதலில் வந்த கேள்வி. கேட்டவரும் ஆலிமே. நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து கிதாபு ஓதியவர். "மகாமாத்துல் ஹரீரி ஓதினீர்களே ஹஜரத், அஃது என்ன நூல்?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். "அஃது அதபு, அரபி இலக்கியம்" என்றார். இலக்கியந்தான். ஆனால் எத்தகைய இலக்கியம்? 1122ஆம் ஆண்டில் மறைந்த பஸராவின் ஹரீரி படைத்த 50 கதைகள் அவை. கதை சொல்லும் ஹாரித் இப்னு ஹம்மாமும் கற்பனை. கதைத் தலைவன் சரூஜ் நகரத்து அபூஸைதும் கற்பனை. அந்த அபூஸைது யார்? வலியாரா, வள்ளலா? இரண்டும் அல்லன். நாவன்மையை விற்று ஊரை ஏய்த்துத் திரியும் பலே கைகாரன்.

முதல் மகாமாவை நினைவுகூருங்கள். ஸன்ஆ நகரில் ஒருவர் மறுமையை நினைவூட்டிப் பயான் செய்கிறார். கேட்டவர்கள் கண்ணீர் விடுகிறார்கள், காசும் கொடுக்கிறார்கள். ஹாரித் அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து சென்று ஒரு குகைக்குள் எட்டிப் பார்த்தால், சற்றுமுன் உலகைத் துறக்கச் சொன்னவர் வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுச்சாடியும் முன்னே வைத்து அமர்ந்திருக்கிறார்! இதைத்தான் நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தார்கள். சொல்லழகுக்காக ஓதினோம் என்று கூறித் தப்பிவிட முடியாது. சொல் மட்டுமே நினைவிலிருந்து, பொருள் செவியில் விழவில்லை என்றால் குறை கிதாபினுடையது அன்று. இக்கதை வாயிழாக்களை இழிவுபடுத்துகிறது என்று அந்நாளில் எந்த மதரஸாவும் அதைத் தள்ளிவைக்கவில்லை. வேடதாரியை வேடதாரி என்று கூறினால் உண்மையான உபதேசிக்கு இழிவு வராது என்பதை நம் உஸ்தாதுமார்கள் அறிந்திருந்தார்கள்.

ஹரீரி தம் முன்னுரையில் இதற்கு விடையும் கூறிச் சென்றார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகக் கதை கட்டியோரை யாரும் பாவிகள் என்று ஒதுக்கவில்லையே என்பது அவர் வாதம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியின் கருத்தையும் துணைக்கு அழைக்கிறார். அவருக்கு முன்னரே இப்னுல் முகஃப்ஃபா கலீலா வதிம்னாவை அரபியில் தந்துவிட்டார். ஜாஹிழ் உலோபிகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதிச் சிரிக்கவைத்துவிட்டார். திருமறையோ யூசுப் நபியின் வரலாற்றைச் சரிதைகளுள் மிக அழகியது என்று குறிப்பிடுகிறது. அதில் உடன்பிறந்தோரின் பொறாமையும் உண்டு; அரண்மனைப் பெண்ணின் ஆசையும் உண்டு; பொய்ச் சட்டையில் தோய்த்த பொய்க் குருதியும் உண்டு. திருமறை கூறுவது வாய்மை, நாவல் கூறுவது புனைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் பேதைமை நமக்கு இல்லை. மனிதனின் இழிவைச் சொல்லாமல் மனிதனுக்குப் பாடம் சொல்ல முடியாது என்ற ஒன்றை மட்டுமே ஈண்டுக் குறிக்கிறோம்.

இனி நூல்களுக்கு வருவோம்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. நாம் இவ்வாண்டு மீண்டும் ஒருமுறை முழுவதும் படித்தோம். தேங்காய்ப்பட்டினத்துக் கடற்கரை, அங்கே ஊரையே தம் விரலசைவில் வைத்திருக்கும் ஒரு முதலாளி, தீவிலிருந்து வந்து இறங்கித் தம் குலப்பெருமையைக் கூறியே மக்களை ஏய்க்கும் ஒரு தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் ஈமான் போய்விடும் என்ற கூக்குரல், இவற்றுக்கிடையே எதிர்த்து நிற்கும் எளியவன் மஹ்மூது. இதைப் படித்துவிட்டு, "இவர் இஸ்லாத்தைத் தாக்குகிறார்" என்று கூறுவோர் உளர். எங்கே தாக்குகிறார்? முதலாளியின் ஆணவம் இஸ்லாமா? தங்ஙளின் ஏமாற்று இஸ்லாமா? இவை இரண்டும் இஸ்லாம் என்று மீரான் ஓரிடத்திலும் கூறவில்லை. அவற்றைச் சாடினால் மார்க்கத்தைச் சாடியதாகக் கொள்பவர்களே அவ்வாறு கூறுகிறார்கள். அவர்கள் தம்மை அறியாமலேயே ஒரு வாக்குமூலம் தருகிறார்கள்.

ஹரீரியின் குகையையும் மீரானின் தங்ஙளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அரபியில் இருந்தால் அதபு, தமிழில் இருந்தால் அவதூறா?

இந்த நாவலில் நம்மை மிகவும் வருத்தியது தங்ஙளின் பகுதியன்று. அவன் போன்றோரைக் கண்டு நகைத்துவிடலாம். முதலாளியின் முகக்குறிப்புக்கு அஞ்சி அஞ்சி வாழும் பள்ளிவாசல் ஊழியரின் நிலையே வருத்தியது. பாங்கு சொல்லும் நாவுக்கு உண்மை சொல்லும் உரிமை இல்லை. உலையில் அரிசி விழவேண்டுமே! கதை நிகழும் காலம் போய்விட்டது, முதலாளிமாரும் போய்விட்டார்கள் என்று கூறுவோர், தத்தம் மஹல்லாவில் இமாமுக்கும் மோதினாருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டறிந்துவிட்டுப் பேசட்டும். பள்ளிவாசல் மினாராவுக்குச் சலவைக்கல் பதிக்கப் பணம் இருக்கும் ஊர்களில், ஓதிக்கொடுப்பவர் தம் மகளின் நிக்காஹுக்குக் கைநீட்டி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நாவலாசிரியர் எழுதியது பழங்கதையாகியிருந்தால் நம்மைவிட மகிழ்ச்சியடைவோர் எவரும் இரார்.

இன்னொன்று. இந்நாவல் நூலாகும் முன் தொடராக வந்தது எந்த ஏட்டில்? 'முஸ்லிம் முரசு' ஏட்டில். நம் சமுதாய ஏடு, நம் சமுதாயத்தார் பணம் கட்டி வாங்கிய ஏடு, நம் வீட்டுக் குறைகளை நம் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பேச இடம் தந்தது. அன்று நம் தந்தையருக்கு இருந்த நெஞ்சுரம் இன்று நமக்குக் குறைந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. பரிசு பெற்றதாலேயே அதைச் சிறந்தது என்று நாம் ஒப்பவேண்டியதில்லை. திருவிதாங்கூர் மன்னர் காலத்துப் பழங்கதைகள் இடையிடையே புகுந்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. முந்தைய நாவலின் இறுக்கம் இதில் இல்லை. ஆயினும் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் சுவைக்கு இரையாக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி முன்னோர் பெருமை பேசும் முஸ்தபாக்கண்ணை மறக்க இயலாது. ஜாஹிழின் உலோபிகளுக்கு நேர் எதிரானவன் இவன். அவர்கள் சேர்த்தே கெட்டார்கள், இவன் தின்றே கெட்டான். அவ்வீட்டில் பெண்களை அடக்க வைத்திருக்கும் பிரம்புக்குச் சூட்டிய பெயரில் 'அதபு' என்ற சொல் ஒட்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள். நன்னடத்தைக்கும் இலக்கியத்துக்கும் அரபியில் பொதுவாக வழங்கும் உயர்ந்த சொல் அது. ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது!

மிகுதியும் சர்ச்சைக்குரிய நூல் ஒன்று எஞ்சியிருக்கிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004இல் வந்தது, பிறகு ஆங்கிலத்திலும் சென்றது. இதை நம் கடலோர ஊர் நூல்நிலையம் ஒன்றில் வாங்கி வைத்திருந்தார்கள். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார்.

"ஹஜரத், அந்தப் புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் பெண்பிள்ளைகள் வந்துபோகும் இடம்."

"தாங்கள் படித்தீர்களா, காக்கா?"

"அந்தக் குப்பையை நான் படிப்பேனா?"

"படியாமல் குப்பை என்று எப்படித் தெரிந்தது?"

"வாட்ஸ்அப்பில் மூன்று பக்கம் வந்தது."

பாவியானவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று திருமறையின் 49ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. செய்தி கொண்டுவந்தது கைப்பேசி என்றால் விசாரணை வேண்டாம் என்று எந்த முஃபஸ்ஸிரும் விரிவுரை எழுதவில்லை. காதி இருதரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்று பிக்ஹு கிதாபுகளில் நாமே ஓதிக்கொடுக்கிறோம். நூலுக்கு வாய் அதன் பக்கங்கள். அப்பக்கங்களைத் திறவாமல் தீர்ப்புக் கூறுவது வாதியின் பேச்சை மட்டும் கேட்டுப் பிரதிவாதியைச் சிறையில் தள்ளுவதே.

நூலைப் பற்றிய நம் கருத்து இதுதான். ஒரு சிற்றூரின் முஸ்லிம் வீடுகளுக்குள் அடுப்படியிலும் முற்றத்திலும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உலகம் அது. ராபியா என்ற சிறுமியின் கண்வழியே பெரும்பகுதி விரிகிறது. பருவமெய்தினால் பள்ளிக்கூடம் முடிந்தது. பெரியோர் முடிவு செய்துவிட்டால் அவள் விருப்பம் முடிந்தது. இது பொய் என்று கூறத் துணிவோர் முதலில் தத்தம் குடும்பத்தில் முதிய பெண்மணிகளை அழைத்து, எந்த வகுப்போடு பள்ளியை விட்டீர்கள் என்று கேட்கவும். கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்ற நபிமொழியை மேடையில் கூறிவிட்டு, 'ஒவ்வொருவர்' என்ற சொல்லில் மகளைச் சேர்க்க மறந்த சமுதாயம் இது. திருமண இசைவைப் பற்றியும் பேசுவோம். பருவமெய்திய பெண்ணின் இசைவின்றி நிக்காஹ் இல்லை என்பது ஹனபி மத்ஹபு. ஷாபியீ மத்ஹபில் கன்னிப்பெண் விஷயத்தில் தந்தைக்கு உரிமை மிகுதி. எனினும் அவளிடம் கேட்பது அங்கும் சுன்னத்து, அவள் இசைவின்றித் தகுதியற்ற ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கத் தந்தைக்கும் அதிகாரமில்லை. சல்மாவின் நாவலில் இவ்விதிகள் மீறப்படுவது காட்டப்படுகிறது. மீறியவரை விட்டுவிட்டு, மீறலைக் காட்டியவரிடம் சண்டைக்குச் செல்வது என்ன நியாயம்? பிர்தவ்ஸுக்கு நேரும் முடிவைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குடும்ப மானம் என்ற பெயரால் ஓர் உயிரைப் பறிக்க ஷரீஅத்து எவருக்கும் உரிமை தரவில்லை. அதற்கு ஷரீஅத்து வைத்திருக்கும் பெயர் கொலை.

குறைகளையும் கூறிவிடுகிறோம். இந்நாவலில் ஆண்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களாக நமக்குத் தோன்றுகின்றனர். உடலைப் பற்றிய பேச்சு சில இடங்களில் கதைக்கு வேண்டிய அளவைக் கடக்கிறது. அதை வெட்கத்தால் கூறுகிறோம் என்று ஆசிரியை எண்ணக்கூடும், சிக்கனம் கருதியே கூறுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழுகையும் நோன்பும் ஊர் வழக்கங்களாகவே வந்துபோகின்றன. தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து, கேட்பாரற்ற தன் துயரத்தை இறைவனிடம் மட்டும் சொல்லி அழுது, அதனால் ஒருவகைத் திண்மை பெற்ற பெண்களை நாம் நம் குடும்பத்திலேயே கண்டிருக்கிறோம். இரண்டாம் ஜாமத்தில் அவர்களும் விழித்துத்தான் இருந்தார்கள். அந்த அறைக்குள் நாவல் போதிய அளவு நுழையவில்லை. இக்குறையைக் கூற நமக்கு உரிமை உண்டு. ஏனெனில் நாம் நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தோம்.

மறுபுறத்தாரையும் விட்டுவைப்பதற்கில்லை. இந்நூல்களைப் பாராட்டும் வெளியார் சிலர், முக்காடு விலகியது, இருட்டறை திறந்தது என்றெல்லாம் எழுதி மகிழ்கின்றனர். பிற சமுதாயத்து எழுத்தாளர் தம் சாதியின் கொடுமையை எழுதினால் அது மனிதகுலத்தின் அவலம். நம்மவர் எழுதினால் மட்டும் அது முஸ்லிம்களின் அவலம்! இவர்களும் ஒரு வகையில் படியாதவர்களே. நாவலைத் திறந்து, தாம் முன்பே அறிந்ததாக நினைத்திருந்ததைத் தேடி எடுத்துக்கொண்டு மூடிவிடுகின்றனர். நம் காக்காவுக்கு மூன்று பக்கம் போதுமானது போலவே இவர்களுக்கும் மூன்று பக்கம் போதும்; பக்கங்கள் வேறு என்பதொன்றே வேறுபாடு.

படியாமையின் கடைசி எல்லையை எகிப்தில் கண்டோம். நஜீப் மஹ்பூழ் தம் 'அவ்லாது ஹாரதினா' நாவலை 1959இல் அல்அஹ்ராம் நாளேட்டில் தொடராக எழுதினார். எதிர்ப்புப் பெருகியதால் நூல் 1967இல் பெய்ரூட்டில்தான் வெளிவர முடிந்தது. நபிமார்களின் வரலாற்றைத் தெருச்சண்டையாக உருவகித்த அந்நூலில் நமக்கு உடன்பாடில்லை. அல்அஸ்ஹரின் உலமாக்கள் எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது. கருத்தைக் கருத்தால் எதிர்ப்பது வேறு. 1994இல், நோபல் பரிசு பெற்று ஆறாண்டுகள் ஆன பின்னர், 82 வயது முதியவரான அவரது கழுத்தில் ஓர் இளைஞன் கத்தியைப் பாய்ச்சினான். எழுதும் கை செயலிழந்தது. குத்தியவன் அவருடைய நூல் ஒன்றையும் படித்ததில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. மூன்று பக்கங்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

புனைவல்லாத நூல்களுள் இரண்டைக் குறிப்பிட விரும்புகிறோம். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட, சரந்தீபிலும் தமிழகத்திலும் அரபி, அர்வி, பாரசீக மொழிகளைப் பற்றிய பெருநூல் முதலாவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் சமைத்து, தமிழை அரபு வரிவடிவில் எழுதிய நம் முன்னோரின் உழைப்பை இதுபோல் திரட்டி வைத்தவர் வேறெவரும் இலர். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் செய்த பணியின் பரப்பு இதனால் விளங்கும். ஆனால் நூல் முழுவதும் புகழ்ச்சியே ஓங்கி நிற்கிறது. ஆசிரியர் போற்றும் பெரியோர் எவரிடத்தும் ஒரு சிறு குறையேனும் கண்டதாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம், நூல் ஆங்கிலத்தில் அமைந்தமை. அரபுத் தமிழில் 'மகானி' படித்துத் தொழுகையின் சட்டங்களை அறிந்த நம் பாட்டிமாரின் பேத்திகள், பாட்டியின் எழுத்தைப் பற்றி அறிய ஆங்கிலத்தின் வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. மீரான் மலையாளப் பள்ளியில் பயின்றவராதலால் தம் தமிழ்க் கதைகளை மலையாள எழுத்தில் எழுதிப் பின்னர்த் தமிழெழுத்துக்கு மாற்றினார் என்பதை இலக்கிய உலகம் அதிசயமாகப் பேசுகிறது. நம் பாட்டிமாருக்கு அஃது அன்றாட வழக்கம். பிற எழுத்தில் தமிழ் எழுதுவதை யார் அதிசயமாகக் கருதினாலும் நம் சமுதாயம் கருதலாகாது.

இரண்டாவது, ரோனித் ரிச்சி என்னும் ஆராய்ச்சியாளர் 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, இஸ்லாம் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மொழிபெயர்ந்த வரலாறு. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளாக வழங்கும் 'ஆயிர மசலா' அதன் மையம். அரபியிலிருந்து இலத்தீனுக்கு 1143இலேயே சென்ற நூல் அது. தமிழில் 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடினார். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையதாக அறிஞர்கள் இதைக் கொள்வர். ஜாவா மொழியிலும் மலாயிலும் அதே கேள்விகள் வேறு வேறு ஆடை உடுத்தி நடப்பதை ஆசிரியை நிதானமாகக் காட்டுகிறார். ஜாவாவில் இப்னு சலாமின் பெயரே 'சமூது' என்று மாறிவிடுகிறது! சில இடங்களில் தம் கொள்கையின் சட்டத்துள் பொருத்துவதற்காக நூல்களை நெருக்கிவிட்டாரோ என்ற ஐயம் நமக்கு உண்டு. எனினும் நம் சமயத்தைச் சாராத ஓர் அந்நியப் பெண்மணி நம் புலவரை வரிவரியாகப் படித்திருக்கிறார். நாமோ சீறாப்புராணத்தில் 5027 பாடல்கள் உள்ளன என்று மேடைதோறும் எண்ணிக்கை கூறிக் கைதட்டல் பெறுகிறோம். கைதட்டியோரிடம் 27 பாடல்களுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். கூறியவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நாவல் நமக்கு அந்நியமானது என்று கூறுவோருக்காக ஒன்று. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். மிசிறு நாட்டுப் பெருங்குடிப் பிறந்த இளைஞன் ஒருவனின் கதை அது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர் பலர் அதைக் குறிப்பிடுவர். எழுதியவர் மார்க்கத்தை விட்டு விலகியவரா? 'முஸ்லிம் நேசன்' நடத்தியவர். நம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் பள்ளிகள் அமைக்க உழைத்தவர். அதற்காக வசை வாங்கியவர். அன்று வசை பாடியோருள் எத்தனை பேர் அசன்பேயைப் படித்திருந்தார்களோ!

நூல்நிலையத்துப் புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. காக்காவுக்கு நாம் கூறியதையே இவ்வேட்டின் வாசகர்களுக்கும் கூறுகிறோம். நம் கருத்துகளை மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுத்தெழுதலாம்; வீட்டுப் பெண்மக்கள் எழுதினால் இன்னும் சிறப்பு. மறுப்புரையில் நூலின் பெயரும் பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் இருக்கட்டும். கைப்பேசியில் வந்த படங்களை இணைக்க வேண்டாம்.